கேட்பவரின் பேச்சைக் கேட்பவர்

வட சென்னையின் எண்ணூர்க் கரையோரக் குப்பங்களில் டிசம்பர் 26 என்றால் இரண்டு நினைவுகள் உண்டு. 2004-ல் அன்று காலையில் சுனாமி வந்தது. 2023-ல் அதே நாள் நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்துக்கு அருகே ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து வலையையும் படகையும் கறுப்பாக்கியிருந்தது.

இப்படியொரு பேரிடருக்குப் பிறகு அரிசி, போர்வை, நிவாரணத் தொகை ஆகியவற்றோடு 'கவுன்சலிங்' என்பதும் பேசப்படுகிறது. சுனாமிக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தன்னார்வலர்கள் எனப் பலருக்கும் உளவியல் ஆதரவுப் பயிற்சி தரப்பட்டது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் அதற்கான கையேடுகளைத் தயாரித்தது. நல்ல நோக்கம், பெரிய உழைப்பு. ஆனால் அந்தக் காலகட்டத்தின் பேரிடர் அனுபவங்களை எல்லாம் பார்த்த பிறகு, ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த கூட்டு நிலைக்குழு 2007-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளில் ஓர் எச்சரிக்கை இடம்பெற்றது. சிக்கலான மனநல உதவி செய்ய ஆட்களைத் தயார் செய்யும்போது, தொடர் கண்காணிப்பு இல்லாத ஒற்றைப் பயிற்சி முகாம்களை நடத்தாதீர்கள் என்று அது சொன்னது. முகாம் முடிந்து சான்றிதழ் வாங்கிய பிறகு அந்த ஆலோசகர் தனி அறையில் என்ன பேசுகிறார், அதை யார் கேட்கிறார்கள்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

பயிற்சி முகாம் மட்டும் ஏன் போதாது என்பதற்குத் தெளிவான சோதனை ஒன்று இருக்கிறது. குடிப்பழக்கத்திலிருந்து விடுபட உதவும் 'ஊக்க நேர்காணல்' முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர். தன் முறையை மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் வழிகளையே அவர் சோதனைக்கு உட்படுத்தினார். 2004-ல் வெளியான அந்த ஆய்வில் 140 சிகிச்சையாளர்களைக் குலுக்கல் முறையில் பல குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் முகாம் மட்டும். வேறு சில குழுக்களுக்கு முகாமோடு, அவர்கள் அனுப்பிய ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தந்த மதிப்பீடோ, தொலைபேசி வழிப் பயிற்றுவிப்போ, இரண்டுமோ. முகாமிலிருந்து திரும்பிய எல்லோருக்கும் திறன் கூடியிருந்தது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், முகாம் மட்டும் பெற்றவர்களிடம் அந்தத் திறன் பெருமளவு கரைந்துவிட்டது. மதிப்பீடோ பயிற்றுவிப்போ பெற்றவர்களிடம் தங்கியது. இதைவிட முக்கியமான ஒன்றும் தெரிந்தது. சிகிச்சைக்கு வந்தவர்களின் பேச்சில், குடியை விட வேண்டும் என்ற திசையில் மாற்றம் தென்பட்டது, இரண்டும் சேர்ந்து கிடைத்த குழுவிடம் மட்டும்தான்.

அனுபவம் போகப் போகச் சொல்லித்தந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். பல தொழில்களில் அது உண்மை. மனநலத் தொழிலில் அப்படி நடப்பதாகத் தரவுகள் காட்டவில்லை. 2016-ல் சைமன் கோல்ட்பர்க் குழுவினர் 170 சிகிச்சையாளர்களிடம் வந்த ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் முன்னேற்றத்தைப் பல ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்தார்கள். ஆண்டுகள் கூடக் கூடச் சராசரியாகப் பலன் கூடவில்லை. மிகச் சிறிய அளவில் இறங்கியிருந்தது. இதோடு 2012-ல் வந்த இன்னோர் ஆய்வையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மனநலத் தொழிலாளர்கள் 129 பேரிடம், சக தொழிலாளர்களோடு ஒப்பிட்டால் உங்கள் திறமை எந்த இடத்தில் இருக்கும் என்று கேட்டார்கள். நான்கில் ஒருவர் தன்னை மேல்தட்டுப் பத்து சதவீதத்தில் வைத்துக்கொண்டார். சராசரிக்குக் கீழே தன்னை வைத்தவர் ஒருவர்கூட இல்லை.

இதை ஆணவம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வேலையின் அமைப்பு அப்படி. எண்ணூரில் அனல்மின் நிலையக் கொதிகலன் குழாயில் ஒருவர் வெல்டிங் வைத்தால், அந்த இணைப்பை ரேடியோகிராபி எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா என்பது படத்தில் தெரிந்துவிடும். இருபது வருட அனுபவமுள்ள வெல்டர் என்பதற்காக அந்தச் சோதனையை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. மனநல ஆலோசகர் வைக்கும் இணைப்புக்கு அப்படிப் படம் எதுவும் இல்லை. உதவி கிடைக்காதவர் திரும்ப வரமாட்டார், அவ்வளவுதான். குணமாகித்தான் வரவில்லையா, நம்பிக்கை இழந்து வரவில்லையா என்பது அறைக்குள் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. அந்தப் படத்தை எடுத்துப் படிக்கும் வேலைதான் மேற்பார்வை. வருகைப் பதிவேட்டையும் மாத அறிக்கையையும் சரிபார்க்கும் அலுவலக வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஓர் ஆலோசகரின் தொழிலை, அதன் உள்ளிருந்தே, ஒழுங்கான இடைவெளியில் இன்னொரு தொழிலர் அவரோடு உட்கார்ந்து பார்ப்பது இது.

இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1920-ல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கானும் நண்பர்களும் தொடங்கிய உளப்பகுப்பாய்வு இலவச மருத்துவமனையில், பயிற்சி மாணவர் பார்க்கும் நோயாளிகளைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் தொடர்ந்து பேசியாக வேண்டும் என்பது பாடத்திட்டத்தின் ஒரு தூணாக ஆனது. ஆனால் அங்கே மாணவர் தன் நினைவிலிருந்து சொன்னதை மட்டுமே மூத்தவரால் கேட்க முடிந்தது. அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ் 1940-களின் தொடக்கத்தில் சிகிச்சை உரையாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்து மாணவர்களோடு சேர்ந்து கேட்கத் தொடங்கியபோதுதான், ஆலோசகர் 'நான் இப்படிச் செய்தேன்' என்று சொல்வதற்கும் உண்மையில் செய்ததற்கும் உள்ள தூரம் வெளியே தெரிந்தது. அதன் பிறகு வந்த முன்னேற்றம் எதையும் நான் இதற்கு இணையாக வைக்கமாட்டேன்.

மேற்பார்வையில் என்னதான் நடக்கிறது? ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். திருவொற்றியூரில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கின்றன. மீன் விற்கும் பெண்மணி ஒருவர் தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு என்று வருகிறார். மருத்துவர் பார்த்துவிட்டு ஆலோசகரிடம் அனுப்புகிறார். படகில் வேலை செய்யும் கணவர் வீட்டில் இருக்கிறார், குடிக்கிறார், வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். பேச்சு நன்றாகத்தான் போகிறது. நடுவில் அந்தப் பெண்மணி, "எனக்கு எதுக்கு மேடம் இந்த உசுரு" என்கிறார். உடனே ஆலோசகர், "ஐயோ, அப்படியெல்லாம் பேசக் கூடாதுக்கா, புள்ளைங்கள நெனச்சுப் பாருங்க" என்கிறார். பேச்சு வட்டிக்கும் மகளிர் குழுக் கடனுக்கும் போய்விடுகிறது. ஆலோசகரின் குறிப்பேட்டில் 'கடன் பிரச்சினை, ஆறுதல் கூறப்பட்டது' என்று பதிவாகிறது.

குறிப்பேட்டை மட்டும் படிக்கும் மேற்பார்வையாளருக்கு இதில் குறை எதுவும் தெரியாது. ஒலிப்பதிவைக் கேட்பவருக்குத் தெரியும். அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து அடுத்த நிமிடம் இரண்டு விதமாக நடக்கலாம். ஒருவர், "தற்கொலை எண்ணம் இருக்கான்னு ஏன் கேக்கல? பயிற்சியில சொன்னேன்ல?" என்பார். ஆலோசகர் தலைகுனிந்து, "சாரி மேடம், இனிமே கேக்கறேன்" என்பார். இன்னொருவர் அந்த இடத்தில் பதிவை நிறுத்திவிட்டு, "இதைக் கேட்டதும் உங்களுக்குள்ள என்ன ஓடுச்சு?" என்று கேட்பார். கொஞ்ச நேரம் கழித்து ஆலோசகர் சொல்வார்: "பயமா இருந்துச்சு மேடம். நான் வெளிப்படையா கேட்டா, அந்த எண்ணத்தை நானே கெளப்பி விட்டுருவனோன்னு தோணுச்சு."

இப்போதுதான் உண்மையான தடை மேசைக்கு வருகிறது. அது அறியாமை இல்லை, பயம். அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன: தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை, பலருக்கு அது பாரத்தை இறக்கி வைக்கும் வாய்ப்பாகவே அமைகிறது. மேற்பார்வையாளர் அதைச் சொல்கிறார். சொன்னதோடு நிறுத்தாமல், "சரி, இப்ப நான் அந்தம்மா. என்கிட்ட கேளுங்க" என்று தானே அந்தப் பெண்மணியாக உட்காருகிறார். முதல் முறை கேள்வி தடுமாறுகிறது. இரண்டாம் முறை வாக்கியம் தெளிகிறது. "சில சமயம் கஷ்டம் தாங்க முடியாம போகும்போது செத்துப் போயிடலாம்னு சிலருக்குத் தோணும். உங்களுக்கு அப்படித் தோணியிருக்காக்கா?" மூன்றாம் முறை குரலும் நிதானமாகிறது. அத்தோடு இன்னொரு காரியமும் பாக்கி இருக்கிறது. அந்தப் பெண்மணியை அடுத்த வாரம் வரை விட்டுவைக்கக் கூடாது. இன்றே அழைக்க வேண்டும், ஆபத்தை அளவிட வேண்டும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக ஏற்பாடு செய்ய வேண்டும். மேற்பார்வையாளர் அதை யோசனையாகச் சொல்வதில்லை, பொறுப்பாக வைக்கிறார்.

பிரிட்டனைச் சேர்ந்த பிரிஜிட் ப்ராக்டர் 1980-களில் மேற்பார்வைக்கு மூன்று முகங்கள் உண்டு என்று எழுதினார்: கற்றுத் தருவது, தரத்தையும் பாதுகாப்பையும் காப்பது, ஆலோசகரைத் தேற்றி நிறுத்துவது. மேலே சொன்ன சில நிமிடங்களில் மூன்றும் இருக்கின்றன. ஒன்று இன்னொன்றை விழுங்கிவிடாமல் நடத்துவதில்தான் கைத்திறன்.

முதல் மேற்பார்வையாளரை இன்னொரு முறை பாருங்கள். ஆலோசகர் அந்தப் பெண்மணியிடம் என்ன செய்தாரோ, அதையே அவர் ஆலோசகரிடம் செய்தார். துயரத்தைக் கேட்க முடியாமல் அவசரமாகப் புத்தி சொல்லி மூடினார். அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரல்ட் சேர்ல்ஸ் 1955-லேயே இதைக் கவனித்து எழுதினார். சிகிச்சை அறையில் ஓடும் உணர்ச்சி, மேற்பார்வை அறைக்குள்ளும் நுழைந்து அங்கே தன்னைத் திரும்ப நடத்திக்கொள்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. மேற்பார்வையில் பொறுமையாகக் கேட்கப்பட்ட ஆலோசகர், அந்தப் பொறுமையைத் தன் அறைக்குக் கொண்டுபோக வாய்ப்பு அதிகம். இதை எண்களால் நிறுவுவது கடினம். ஆனால் இந்தத் தொழிலில் உள்ளவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அடையாளம் காணும் நிகழ்வு இது.

ஆகவே ஒருவர் நல்ல மருத்துவராகவோ நல்ல ஆலோசகராகவோ இருப்பதாலேயே நல்ல மேற்பார்வையாளர் ஆகிவிடமாட்டார். நம் ஊரில் இந்தப் பொறுப்பு பணிமூப்பின்படி வருகிறது. துறையில் மூத்தவர், ஆகவே அவர் மேற்பார்க்கட்டும் என்பது வழக்கம். பல நாடுகளிலும் நிலைமை இதைவிட மேலாக இல்லை. 1996-ல் நிக்கலஸ் லடானியும் உடன் ஆய்வாளர்களும் பயிற்சியில் இருந்த சிகிச்சையாளர்களிடம், உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் மறைத்தது ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் உண்டு என்றார்கள். செய்த தவறுகளும் மேற்பார்வையாளரைப் பற்றிய மனக்குறைகளும் அந்த மறைப்பில் அடக்கம். 2014-ல் மைக்கேல் எல்லிஸ் குழுவினர் நடத்திய ஆய்வில், மேற்பார்வை பெற்றவர்களில் 93 சதவீதத்தினர் போதுமான மேற்பார்வை பெறவில்லை என்று தெரிந்தது. 35 சதவீதத்தினருக்குக் கிடைத்ததைத் தீங்கான மேற்பார்வை என்றே வகைப்படுத்த வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலேயே அப்படியென்றால், இடமாற்ற ஆணையில் கையெழுத்துப் போடும் அதிகாரியே மேற்பார்வையாளராகவும் இருக்கும் நம் அலுவலகங்களில் யார் வாய் திறந்து 'நான் அந்த இடத்தில் தடுமாறினேன்' என்று சொல்வார்? சம்பளத்தையும் ஒப்பந்த நீட்டிப்பையும் முடிவு செய்பவர் ஒருவராகவும், தொழிலைக் கேட்பவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆலோசகருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

மேற்பார்வை உண்மையில் நோயாளிக்குப் பலன் தருகிறதா என்று கேட்டால், கிடைக்கும் பதில் கலவையானது. அதை மறைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் மாத்யூ பாம்ப்ளிங் குழுவினர் 2006-ல் வெளியிட்ட சோதனையில், மனச்சோர்வுக்கு எட்டு அமர்வுச் சிகிச்சை பெற்ற 127 பேரில், மேற்பார்வை பெற்ற சிகிச்சையாளர்களிடம் போனவர்களுக்கு நோய்க்குறிகள் அதிகம் குறைந்தன. பாதியில் விட்டுப் போனவர்களும் குறைவு. மாறாக, 2016-ல் வெளியான ஓர் ஆய்வு ஐந்தாண்டுத் தரவுகளைப் பார்த்து, நோயாளிகளின் முன்னேற்றத்தில் தெரியும் வேறுபாட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்கே மேற்பார்வையாளர் யார் என்பதால் வருகிறது என்றது. இரண்டையும் சேர்த்து நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: நினைவிலிருந்து சொல்லும் கதையைக் கேட்டு, மேற்பார்க்கக் கற்றுக்கொள்ளாதவர் நடத்தும் அரட்டை எத்தனை வருடம் நடந்தாலும் நோயாளியை எட்டாது. பதிவைக் கேட்டு, குறிப்பிட்ட திறனை எடுத்து, ஒத்திகை பார்த்து நடக்கும் மேற்பார்வை வேறு வகையான வேலை. பாம்ப்ளிங் சோதனையில் மேற்பார்வையாளர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது.

அந்த வேலையை எப்படிக் கற்றுத்தருவது? இங்கே சமீப ஆண்டுகளில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது, அதுவும் நம் பக்கத்து நாட்டிலிருந்து. நேபாளத்தில் பணியாற்றிய பிராண்டன் கோர்ட் குழுவினர் 2015-ல் 'எனாக்ட்' என்ற மதிப்பீட்டுக் கருவியை வெளியிட்டார்கள். ஆலோசகர் முன் ஒரு நடிகர் நோயாளியாக உட்கார, பார்ப்பவர் ஒவ்வொரு திறனுக்கும் மதிப்பெண் இடுவார்: உடல்மொழி, வெளிப்படையான கேள்விகள், இரகசியம் காப்பதை விளக்குவது, தற்கொலை ஆபத்தை அளவிடுவது, குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது எனப் பல. இது பின்பு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் 'ஈக்விப்' திட்டத்தின் அடித்தளங்களில் ஒன்றாகி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது அளவுகோலின் அடிமட்டம். 'திறமை போதாது' என்பதற்குக் கீழே 'தீங்கு செய்யக்கூடிய நடத்தை' என்று ஒரு நிலை தனியாக இருக்கிறது. நோயாளியைக் குற்றம் சாட்டுவது, கடவுள் தண்டனை என்று சொல்வது, இரகசியம் காக்கப்படும் என்று பொய்யான உறுதி தருவது போன்றவற்றை மேற்பார்வையாளர் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மற்றத் திறன்கள் அதன் பிறகு.

மேற்பார்வையாளருக்கான பயிற்சியின் பெரும்பகுதி, காது ஒத்துப்போவதற்கான பயிற்சி. ஒரே பதிவை ஐந்து பேர் கேட்டுத் தனித்தனியாக மதிப்பெண் இடுவார்கள். ஒருவர் நான்கு போட்ட இடத்தில் இன்னொருவர் இரண்டு போட்டிருப்பார். ஏன் என்று வாதாடுவார்கள், பதிவைப் பின்னுக்கு ஓட்டித் திரும்பக் கேட்பார்கள். வாரங்கள் போகப் போக மதிப்பெண்கள் நெருங்கி வரும். அடுத்தது, குறையைச் சொல்லும் முறை. 'உங்களுக்குப் பொறுமை இல்லை' என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. 'அந்தம்மா அழ ஆரம்பித்ததும் மூன்று விநாடிக்குள் நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள்' என்பதைத் திருத்தலாம். நார்மன் கேகன் 1960-களில் மிச்சிகனில் உருவாக்கிய முறைப்படி, பதிவை எங்கே நிறுத்துவது என்பதை ஆலோசகரிடமே விடவும் கற்க வேண்டும். கடைசியாக, மேற்பார்வை அமர்வையே பதிவு செய்து வேறொருவரிடம் கேட்கக் கொடுக்க வேண்டும். மூத்தவர்கள் இதற்குத்தான் அதிகம் தயங்குகிறார்கள். தன் குரலைத் தானே கேட்காத ஒருவர் மற்றவர் குரலைத் திருத்த உட்காருவதை நான் ஏற்கமாட்டேன்.

இத்தனைக்கும் நிபுணர்களுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை கோவாவில் கிடைத்தது. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் தொண்டு நிறுவனமும் அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களை ஆலோசகர்களாகப் பயிற்றுவித்தார்கள். 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியான சோதனையில், தீவிர மனச்சோர்வு உள்ள 495 பேர் பங்கேற்றார்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொண்ட அந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் மூன்று மாதத்தில் நோய்க்குறி நீங்கியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பைச் சற்று மேம்படுத்தி மட்டும் தந்த குழுவில் அது 39 சதவீதம்.

இந்த எண்களைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவற்றுக்குப் பின்னால் இருந்த மேற்பார்வையைக் குறைவானவர்களே பேசுகிறார்கள். ஆலோசகர்கள் வாரந்தோறும் குழுவாகக் கூடினார்கள். ஒருவரின் அமர்வுப் பதிவைச் சேர்ந்து கேட்டார்கள். ஒவ்வொருவரும் மதிப்பெண் இட்டு, பிறகு பேசினார்கள். ஆரம்பத்தில் நிபுணர்கள் நடத்திய கூட்டத்தை, போகப் போக ஆலோசகர்களே நடத்தினார்கள். டெய்சி சிங்லாவும் சக ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட கட்டுரை, சக ஆலோசகர்கள் இட்ட மதிப்பெண்கள் காலப்போக்கில் நிபுணர்களின் மதிப்பெண்களோடு ஏற்கத்தக்க அளவில் ஒத்துப்போயின என்று காட்டியது. அதாவது காதைப் பழக்க முடியும். அதற்கு மருத்துவ உளவியலில் எம்.ஃபில். பட்டம் முன்நிபந்தனை இல்லை. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா பாட்டிமார்களைக் கொண்டு நடத்தும் 'நட்பு இருக்கை' திட்டமும் இதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. 573 பேர் பங்கேற்ற அதன் சோதனை முடிவு 2016-ல் வெளியானது.

தமிழ்நாட்டுக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்திய டாக்டர் எம். சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், மனச்சிதைவு நோயாளிகளுக்கு அவர்கள் வீட்டிலேயே உதவும் சமூகப் பணியாளர்களைக் கொண்ட சோதனையில் திருப்போரூர்ப் பகுதியில் பங்கேற்றது. கோவா, மகாராஷ்டிரத் தளங்களையும் சேர்த்து 282 பேர் கலந்துகொண்ட அந்தச் சோதனையின் முடிவு 2014-ல் வந்தது. மருத்துவமனைக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, மேற்பார்வையின்கீழ் பணியாளர்கள் வீடு தேடிச் சென்ற குடும்பங்களில் பலன் சற்றே கூடுதலாக இருந்தது. தற்கொலைத் தடுப்புக்காக லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ஸ்நேகா, சுனாமியில் உறவினரைப் பறிகொடுத்த சென்னை மீனவக் குடும்பங்களுக்குத் தன்னார்வலர்களை அனுப்பியது. அவர்கள் போன இடத்தில் மன உளைச்சல் கூடுதலாகக் குறைந்ததாக 2008-ல் ஆய்வு வெளியானது. பிறகு இலங்கைத் தமிழ் அகதி முகாம்களில், முகாமிலேயே வாழ்பவர்களைத் தன்னார்வலர்களாக்கித் தற்கொலை ஆபத்தில் இருந்தவர்களோடு தொடர்பில் இருக்கச் செய்த திட்டத்தையும் அதே குழுவினர் நடத்திப் பார்த்தார்கள். ஸ்நேகா போன்ற நட்புதவி மையங்களின் முன்னோடி, 1953-ல் லண்டனில் சாட் வாரா தொடங்கிய சமாரிட்டன்ஸ். அங்கே ஒரு விதி உண்டு. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் முன், அன்று கேட்டதில் மனத்தில் தங்கியதை ஷிப்ட் தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

வட சென்னைக்கு இந்த விதி மற்ற இடங்களைவிட அவசியம். ஏனென்றால் இங்கே ஆலோசகரும் பெரும்பாலும் இதே ஊர்க்காரராக இருப்பார். அம்மோனியா கசிந்த இரவில் அவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அடுத்த வாரம் அவர் முன்னால் உட்கார்ந்து ஒருவர் அதே இரவைச் சொல்லும்போது, கேட்பவருக்குத் தொண்டை அடைக்கும். அதைப் பலவீனமாகக் குறித்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் அவரை இழந்துவிடுவார். குப்பத்தில் யாருக்கும் யாரையும் தெரியும் என்பதால் இரகசியம் காப்பதும் இங்கே பாடப்புத்தகத்தில் உள்ளதுபோல எளிதில்லை. சிகிச்சைக்கு வந்தவர் ஆலோசகரின் சித்தி மகளுக்கு நாத்தனாராக இருக்கலாம். துறைமுக வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கும், ஷிப்ட் மாறி மாறி வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் 'வாரம் ஒரு முறை, காலை பத்து மணிக்கு' என்ற அமர்வு ஒத்துவராது. மேற்பார்வையாளர் தடைக்காலத்தையும் ஷிப்ட் நேரத்தையும் வட்டிக் கணக்கையும் அறிந்தவராக இருக்க வேண்டும். அறியாவிட்டால் ஆலோசகரிடம் கேட்டுக் கற்கும் பணிவாவது வேண்டும்.

1982-ல் தேசிய மனநலத் திட்டம், 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம், 2017-ல் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2022 அக்டோபரில் 14416 என்ற டெலிமானஸ் தொலைபேசிச் சேவை என்று நாம் நிறையவே கட்டியிருக்கிறோம். 14416-க்கு யார் வேண்டுமானாலும் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். இந்தக் கட்டமைப்பில் கேட்பவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. கேட்பவர்களைக் கேட்பதற்கு ஆளும் நேரமும் ஒதுக்குவது அதற்கு ஈடாக வளரவில்லை. மருத்துவ உளவியலாளர் இரண்டாண்டுப் படிப்பின்போது மேற்பார்வையில் பழகுகிறார். பதிவு பெற்ற பிறகு அவரிடம் தொடர்கல்விப் புள்ளிகளைக் கேட்கிறார்கள், மேற்பார்வை மணிகளைக் கேட்பதில்லை. பிரிட்டனின் ஆலோசகர் சங்கம், தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர் எத்தனை மூத்தவரானாலும் தொழில் செய்யும் வரை மாதம் ஒன்றரை மணி நேரமாவது மேற்பார்வை பெற வேண்டும் என்கிறது.

ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது, அதில் மனநலத் துறை இருக்கிறது. அதைச் சுற்றித் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை நகர்ப்புற சுகாதார நிலையங்களிலும், எச்.ஐ.வி. ஆலோசனைக்கான நம்பிக்கை மையங்களிலும், பள்ளிகளிலும், குடிமீட்பு மையங்களிலும் ஆலோசகர்கள் ஆளுக்கொரு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறேழு பேரை ஒரு குழுவாக்கினால் கோவா முறை இங்கே அப்படியே பொருந்தும். வெளிநோயாளர் கூட்டம் அடங்கிய ஒரு பிற்பகல், வாரம் ஒரு மணி நேரம். சிகிச்சைக்கு வந்தவர் புரிந்து கையெழுத்திட்ட சம்மதத்தோடு ஒரு பதிவு. அதில் பெயரும் தெருவும் இருக்கக் கூடாது, கேட்டு முடித்ததும் அழித்துவிட வேண்டும். ஒரு மதிப்பெண் தாள். முதல் ஆறு மாதம் பயிற்சி பெற்ற மனநல நிபுணர் நடத்தட்டும், பிறகு அவர் மாதம் ஒரு முறை வந்தால் போதும். சம்பளம் போடும் அதிகாரி அந்த அறைக்குள் வரக் கூடாது. அந்த ஒரு மணி நேரம் பணிநேரத்துக்குள் சேர வேண்டும், பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்ததற்கு விளக்கம் கேட்கப்படக் கூடாது. ஆலோசகர் பணியிடத்தை அறிவிக்கும் அதே ஆணையில், அவருக்கு மேற்பார்வை தருபவர் யார், எந்தக் கிழமை, எந்த இடத்தில் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.